தங்கக் கோடும் கொழுப்புக் குமிழும்

தங்கத்தின் நிறம் என்ன? யாரைக் கேட்டாலும் 'மஞ்சள்' என்றுதான் சட்டென்று பதில் வரும். ஆனால் பீகார் மாநிலத்தின் கிராமச் சுகாதார நிலையங்களில் சிவப்புத் தங்கம் ஒன்று பயன்படுகிறது. விரல் அகலம்கூட இல்லாத ஒரு சிறு பட்டை. அதன் ஒரு முனையில் நோயாளியின் விரல் நுனியிலிருந்து எடுத்த ஒரு சொட்டு இரத்தத்தை வைக்கிறார்கள். பத்து இருபது நிமிடங்களில் பட்டையின் நடுவே மெல்லிய செந்நிறக் கோடு தோன்றுகிறது. அந்தக் கோட்டைச் சிவப்பாக்குவது மையோ சாயமோ என்று நினைக்க வேண்டாம். அது தங்கமே!

கோட்டைப் பார்த்த மருத்துவர் அடுத்து ஒரு மருந்தை எடுக்கிறார். அந்த மருந்து கண்ணுக்குத் தெரியாத கோடானு கோடி கொழுப்புக் குமிழ்களில் பொதிந்து வைக்கப்பட்டது. தங்கத் துகள், கொழுப்புக் குமிழ் ஆகிய இரண்டும் நானோ பொருள்கள். முன்னது நோயைக் காட்டிக் கொடுக்கிறது. பின்னது நோயைத் தீர்க்கிறது. ஒரே நோயை எதிர்த்து இவை இரண்டும் எவ்வாறு பயன்படுகின்றன என்பதைப் பார்ப்போம்.

காலா அசார் என்னும் கருநோய்

அந்த நோயின் பெயர் காலா அசார். 'கருநோய்' என்பது இதன் பொருள். நோய் முற்றியவர்களின் தோல் கருத்துப்போவதால் இப்பெயர் வந்தது. வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், உடல் மெலிவு, இரத்தச்சோகை, வயிற்றின் இடப்பக்கத்தில் வீங்கிப் பெருத்த மண்ணீரல் ஆகியவை இதன் அறிகுறிகள். சிகிச்சை இல்லையென்றால் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் இறந்து போகிறார்கள்.

இந்நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியைக் கண்டறிந்த வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. கல்கத்தாவை அடுத்த டம்டம் என்னும் ஊரில் பணியாற்றிக் காய்ச்சலால் இறந்த ஒரு போர்வீரரின் மண்ணீரலில் சிறு முட்டை வடிவப் பொருள்களைக் கண்டதாக வில்லியம் லீஷ்மன் 1903-ஆம் ஆண்டில் அறிவித்தார். அதே ஆண்டில், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டானவன், தம் நோயாளிகளின் மண்ணீரலிலும் அதே பொருள்களைக் கண்டார். இருவரின் பெயரையும் இணைத்து அந்த ஒட்டுண்ணிக்கு 'லீஷ்மேனியா டானவனி' என்று பெயர் சூட்டினார் ரொனால்டு ராஸ். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று காட்டியவர் அவர்தாம்.

காலா அசாரைப் பரப்புவது மணல் ஈ. கொசுவைவிட மிகச் சிறியது. மண்சுவரின் வெடிப்புகளிலும் மாட்டுக் கொட்டில்களின் ஈர மூலைகளிலும் வாழ்வது. அது கடிக்கும்போது ஒட்டுண்ணி நம் உடலுக்குள் புகுகிறது. புகுந்ததும் அது செய்யும் காரியம் வியப்பானது.

நம் உடலில் பெருவிழுங்கு செல்கள் என்னும் காவலர்கள் இருக்கின்றனர். வேண்டாத பொருள் எது வந்தாலும் அதை விழுங்கிச் செரித்துவிடுவது அவர்கள் வேலை. லீஷ்மேனியாவையும் அவர்கள் விழுங்குகிறார்கள். ஆனால் அது செரிப்பதில்லை! விழுங்கிய செல்லுக்குள்ளேயே உயிரோடிருந்து பெருகுகிறது. திருடன் காவல் நிலையத்துக்குள்ளேயே ஒளிந்துகொண்டால் எப்படியிருக்கும்? இதுவும் அப்படித்தான். பெருவிழுங்கு செல்கள் மிகுந்துள்ள மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை ஆகிய மூன்றும் இந்த ஒட்டுண்ணியின் புகலிடங்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பிற்பகுதியில் இதுவே முக்கியமாகப் போகிறது.

மண்ணீரலில் ஊசி

ஒளிந்திருக்கும் திருடனைக் கண்டுபிடிப்பது எப்படி? பல்லாண்டுகளாக ஒரே நேரடி வழிதான் இருந்தது. மண்ணீரலிலோ எலும்பு மஜ்ஜையிலோ ஊசியைச் செருகித் துளித் திசுவை உறிஞ்சி எடுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் தேட வேண்டும். மண்ணீரல் இரத்தம் நிறைந்த உறுப்பு. ஊசி பட்ட இடத்தில் உள்ளே இரத்தம் கசியத் தொடங்கினால் உயிருக்கே ஆபத்து. தேர்ந்த மருத்துவர், இரத்தம் ஏற்றும் வசதி, நல்ல நுண்ணோக்கி, அதைப் பார்க்கத் தெரிந்தவர் ஆகிய எல்லாம் வேண்டும். இந்நோயோ மண்சுவர் வீடுகளில் வாழும் ஏழைகளைத்தான் பெரிதும் தாக்குகிறது. அவர்களுக்கு அருகில் இவற்றில் எதுவும் இருப்பதில்லை. இங்கேதான் சிவப்புத் தங்கம் வருகிறது.

தங்கம் ஏன் சிவந்தது?

முதலில் நானோமீட்டர் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ஒரு மீட்டரை நூறு கோடிப் பாகமாக்கினால் ஒரு பாகம் ஒரு நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். நம் உடலில் உள்ள லீஷ்மேனியா ஒட்டுண்ணியின் நீளம் 2,000 முதல் 4,000 நானோமீட்டர். பட்டையில் உள்ள தங்கத் துகளின் குறுக்களவோ சுமார் 40 நானோமீட்டர்தான். ஒரு மில்லிகிராம் தங்கத்தை இத்தகைய துகள்களாக்கினால் எத்தனை கிடைக்கும் தெரியுமா? தங்கத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். கோளத்தின் கன அளவுச் சூத்திரத்தைக் கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். சுமார் ஒன்றரை இலட்சம் கோடித் துகள்கள் என்று விடை வரும். விலை உயர்ந்த தங்கத்தை மலிவான பட்டையில் பயன்படுத்த முடிவதன் இரகசியம் இதுவே.

தங்கத்தை இவ்வளவு நுண்ணியதாக்கினால் அதன் நிறம் மாறும் என்பதை விரிவாக ஆராய்ந்தவர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரம் பற்றிய பாடத்தில் நீங்கள் படிக்கும் அதே ஃபாரடேதான். 1850-களில் அவர் தங்கச் சேர்மக் கரைசலுடன் பாஸ்பரஸை வினைபுரியச் செய்தபோது, மாணிக்கம் போன்ற செந்நிறத் திரவம் கிடைத்தது. வெறும் பார்வைக்கு அது தெளிந்த கரைசலாகவே தெரிந்தது. ஆனால் அதனூடே ஒளிக்கற்றை ஒன்றைச் செலுத்தியபோது, கற்றையின் பாதை பக்கவாட்டிலிருந்து தெரிந்தது. திரவத்தில் மிக நுண்ணிய துகள்கள் மிதக்கின்றன என்றும், அவை ஒளியைச் சிதறச் செய்கின்றன என்றும் ஃபாரடே முடிவு செய்தார். அதை 1857-ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

இதைப் போன்ற ஒரு சோதனையை நீங்களும் செய்யலாம். ஒரு கண்ணாடித் தம்ளரில் நீர் எடுத்து, ஓரிரு சொட்டுப் பால் விட்டுக் கலக்குங்கள். அறையை இருட்டாக்கி, தம்ளரின் ஒரு பக்கமிருந்து டார்ச் ஒளியைச் செலுத்துங்கள். ஒளி செல்லும் வழி பளிச்சென்று தெரியும். பாலின் நுண்ணிய கொழுப்பு, புரதத் துகள்கள் செய்யும் வேலை அது.

சரி, சிவப்பு எங்கிருந்து வந்தது? தங்கத்தில் எளிதில் இடம்பெயரும் எலெக்ட்ரான்கள் உண்டு. துகள் மிகச் சிறியதாக இருக்கும்போது, ஒளியலை பட்டதும் அவை எல்லாம் சேர்ந்து இப்பக்கமும் அப்பக்கமும் ஊசலாடுகின்றன. ஊஞ்சலைச் சரியான தாளத்தில் தள்ளினால்தான் உயரப் போகும் அல்லவா? அதுபோல, 40 நானோமீட்டர்த் துகளின் எலெக்ட்ரான்களுக்குப் பச்சை ஒளியின் தாளம்தான் பொருந்துகிறது. எனவே துகள் பச்சை ஒளியைப் பெருமளவில் உறிஞ்சிக் கொள்கிறது. வெள்ளொளியில் பச்சை குறைந்துவிட்டால் நம் கண்ணுக்கு எஞ்சி நிற்பது சிவப்பு.

பட்டை பேசும் விதம்

ஒட்டுண்ணி உடலில் பெருகும்போது, அதன் புரதங்களைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்களை நம் உடல் உண்டாக்குகிறது. ஒட்டுண்ணியின் ஒரு புரதத்தில் 39 அமினோ அமிலங்கள் கொண்ட தொடர் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது என்று 1993-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் அறிவித்தனர். அத்தொடரைக் கொண்டு செயற்கையாக உண்டாக்கிய புரதம் ஆர்.கே.39 எனப்படும். காலா அசார் நோயாளிகளில் பெரும்பாலோரின் இரத்தத்தில் இதைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் உண்டு.

பட்டையின் நடுவே, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடாக ஆர்.கே.39 புரதத்தைப் பதித்திருக்கிறார்கள். அடிப்பகுதியில் உலர்ந்த தங்கத் துகள்கள் இருக்கின்றன. ஒவ்வொரு துகளின் மேலும் மனித எதிர்ப்பொருளைப் பிடித்துக்கொள்ளும் வேறொரு புரதம் பூசப்பட்டிருக்கிறது. இரத்தச் சொட்டுடன் சில துளி உப்புக் கரைசலைச் சேர்த்ததும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலத் திரவம் பட்டையில் ஏறுகிறது. வழியில் தங்கத் துகள்கள் எதிர்ப்பொருள்களின் மேல் தொற்றிக்கொண்டு உடன் செல்கின்றன. நோய்க்குரிய எதிர்ப்பொருள் இருந்தால், அது நடுக்கோட்டில் உள்ள புரதத்தைப் பற்றிக்கொண்டு நின்றுவிடும். அதனுடன் தங்கமும் நின்றுவிடும். இப்படி எண்ணற்ற துகள்கள் ஒரே கோட்டில் குவியும்போது சிவப்பு தெரிகிறது.

அதற்கும் மேலே இன்னொரு கோடு உண்டு. நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அக்கோடு தங்கத்தைப் பிடித்துச் சிவக்க வேண்டும். சிவக்கவில்லையென்றால் பட்டை கெட்டுவிட்டது என்று பொருள். நுண்ணோக்கி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், மண்ணீரலில் ஊசியும் வேண்டாம். கருவுற்றிருப்பதை அறியும் பட்டைகளிலும், 2020-க்குப் பின் வந்த கொரோனாப் பட்டைகளிலும் பலவற்றில் இதே உத்திதான்.

ஆனால் பட்டைக்கும் ஒரு குறை உண்டு. நோய் தீர்ந்த பின்னரும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் பல மாதங்கள், சில வேளை ஆண்டுகள்கூடத் தங்கும். ஆகவே முன்பு நோய் கண்டு குணமானவருக்கு மறுபடியும் காய்ச்சல் வந்தால், அது பழைய நோய்தானா என்று பட்டையால் சொல்ல முடியாது. அதனால்தான் இரண்டு வாரங்களுக்கு மேல் காய்ச்சல் இருக்கிறதா, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தே மருத்துவர் முடிவுக்கு வருகிறார்.

மருந்தே நஞ்சானால்?

நோய் தெரிந்துவிட்டது. மருந்து? 1920-களில் கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி, ஆன்டிமனி கலந்த யூரியா ஸ்டிபமைன் என்னும் மருந்தை உருவாக்கிப் பல்லாயிரம் உயிர்களைக் காத்தார். அதன்பின் வேறு ஆன்டிமனி மருந்துகள் வந்தன. ஆனால் காலப்போக்கில் ஒட்டுண்ணி அவற்றுக்கு அடங்காமல் போயிற்று. 1990-களில் பீகாரின் வடபகுதியில் இம்மருந்துகள் பாதிக்கு மேற்பட்ட நோயாளிகளைக் குணப்படுத்தத் தவறின.

மாற்றாகக் கிடைத்தது ஆம்ஃபோடெரிசின்-பி. தென் அமெரிக்காவின் வெனிசுலா நாட்டு மண்ணில் கிடைத்த நுண்ணுயிர் ஒன்றிலிருந்து 1950-களில் பிரித்தெடுக்கப்பட்ட இது, முதலில் பூஞ்சை நோய்களுக்கான மருந்து. பூஞ்சைகளின் செல் சவ்விலும் லீஷ்மேனியாவின் செல் சவ்விலும் எர்கோஸ்டிரால் என்னும் பொருள் இருக்கிறது. இம்மருந்து அதைப் பற்றிக்கொண்டு சவ்வைச் சிதைக்கிறது. நம் செல்களில் இருப்பதோ கொலஸ்டிரால். இரண்டும் உறவினர் போல. முழுதும் ஒன்றல்ல, முழுதும் வேறுமல்ல. ஆகவே மருந்து ஒட்டுண்ணியைத் தாக்குவதோடு நம் செல்களையும் ஓரளவு தாக்குகிறது. நடுக்கும் குளிர்காய்ச்சல் வருகிறது; சிறுநீரகம் பழுதாகிறது.

இதனால் அதைச் சிறுகச் சிறுகத்தான் கொடுக்க முடிந்தது. உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு 1 மில்லிகிராம் வீதம், ஒருநாள் விட்டு ஒருநாள், 15 முறை சிரை வழியே ஏற்ற வேண்டும். அதாவது ஒரு மாதம் மருத்துவமனையில் படுத்திருக்க வேண்டும். அன்றாடக் கூலியை நம்பி வாழும் குடும்பத்தில் ஒருவர் படுத்து, இன்னொருவர் துணைக்கு உட்கார்ந்தால் அடுப்பு எரியுமா? மருந்து இருந்தும் அது எட்டாக்கனியாகவே இருந்தது.

பொறியாக வந்த குமிழ்

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே உள்ள பாப்ரகாம் என்னும் ஊரில் 1960-களில் அலெக் பேங்கம் என்னும் விஞ்ஞானி, செல் சவ்வில் உள்ள பாஸ்போலிப்பிடுகளை நீரில் கலந்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்துகொண்டிருந்தார். பாஸ்போலிப்பிடு மூலக்கூறு ஒரு விசித்திரப் பிறவி. அதன் தலை நீரை விரும்பும். வால் நீரை வெறுக்கும். நீரில் போட்டதும் வால்களை உள்ளே மறைத்து, தலைகளை வெளியே காட்டி, இரண்டு வரிசையாக அவை தாமே அணிவகுக்கின்றன. அந்த இரட்டை வரிசை வளைந்து மூடிக்கொண்டு குமிழாகிறது. இதுவே லைப்போசோம்.

ஆம்ஃபோடெரிசின்-பி நீரில் எளிதில் கரையாது, கொழுப்போடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே அதைக் குமிழின் சுவரிலேயே பதித்து வைத்தார்கள். இக்குமிழ்களின் குறுக்களவு 100 நானோமீட்டருக்கும் குறைவு. சுவரில் பதிந்திருக்கும் வரை மருந்து சிறுநீரகத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஆனால் அது ஒட்டுண்ணியை எப்படிச் சேரும்?

முன்பு நினைவில் வைக்கச் சொன்னதை இப்போது எடுங்கள். இரத்தத்தில் மிதந்து வரும் குமிழைப் பெருவிழுங்கு செல்கள் அந்நியப் பொருளென்று கருதி விழுங்குகின்றன. எந்தச் செல்கள்? ஒட்டுண்ணி ஒளிந்திருக்கும் அதே செல்கள்! எந்த உறுப்புகளில்? மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை. திருடன் ஒளிந்த வீட்டுக்கே மருந்து விருந்தாளியாகப் போய்ச் சேர்கிறது. உள்ளே போனதும் குமிழ் சிதைகிறது. மருந்து வெளிப்பட்டு ஒட்டுண்ணியைக் கொல்கிறது.

ஒரே முறை போதுமா?

குமிழில் வைத்த மருந்தைக் கிலோகிராமுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஒரே முறையில் கொடுத்துவிடலாமா? பழைய முறையில் ஒருவேளைக்குக் கொடுத்ததைப்போல் இது பத்து மடங்கு. பீகாரின் முசாபர்பூரில் ஷியாம் சுந்தரும் அவர் குழுவினரும் இதைச் சோதித்து 2010-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். 304 நோயாளிகளுக்குக் குமிழ் மருந்து ஒரே முறையும், 108 பேருக்குப் பழைய மருந்து 15 முறையும் கொடுக்கப்பட்டன. ஆறு மாதங்களுக்குப் பின் பார்த்தபோது, முதல் பிரிவில் 95.7 சதவீதத்தினரும் இரண்டாம் பிரிவில் 96.3 சதவீதத்தினரும் குணமாகியிருந்தனர். பலன் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ஒரு மாதப் படுக்கை ஓரிரு நாளாகச் சுருங்கிவிட்டது! 2014-ஆம் ஆண்டில் இந்தியா இதையே முதல் சிகிச்சையாக ஏற்றது.

30 கிலோகிராம் எடையுள்ள ஒரு சிறுவனுக்கு எவ்வளவு மருந்து வேண்டும்? 300 மில்லிகிராம். ஒரு குப்பியில் இருப்பது 50 மில்லிகிராம். ஆகவே ஆறு குப்பிகள். இது விலை மிகுந்த மருந்து. ஏழை நாடுகளில் அது பரவலாகக் கிடைத்ததற்கு, தயாரிப்பு நிறுவனம் உலக சுகாதார நிறுவனத்தின் வழியே அதை நன்கொடையாக வழங்கியதும் ஒரு காரணம். மேலும், அதை 25 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத வெப்பத்தில் வைத்திருக்க வேண்டும். பீகாரின் கோடைக்கு அது எளிய காரியமா?

எல்லா நோய்க்கும் இதுவே வழியா?

'சிறியதாக்கினால் எல்லாம் சரியாகிவிடும்' என்று எண்ணிவிடக் கூடாது. புற்றுநோய்க்கும் லைப்போசோம் மருந்து உண்டு. அங்கே பெருவிழுங்கு செல்கள் உதவுவதற்குப் பதிலாக இடைஞ்சல் செய்கின்றன. குமிழ் புற்றுக் கட்டியைச் சேருமுன்பே அதை விழுங்கிவிடுகின்றன. அவற்றின் கண்ணில் படாமலிருக்க, குமிழின் மேல் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் நீண்ட மூலக்கூறுகளைப் போர்வைபோல் போர்த்தினார்கள். அத்தகைய மருந்து ஒன்றுக்கு 1995-ஆம் ஆண்டில் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. அதன்பிறகும், கொடுத்த மருந்தில் சிறு பகுதியே கட்டியைச் சேர்கிறது. எனவே நானோ பொருளின் வெற்றி அதன் அளவில் மட்டும் இல்லை. நோய் உடலில் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அறிந்து, அங்கே தானாகப் போய்ச் சேரும்படி அதை அமைப்பதில் இருக்கிறது.

1992-ஆம் ஆண்டில் இந்தியாவில் 77,000-க்கும் மேற்பட்டோருக்குக் காலா அசார் கண்டது. 1,400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2023-ஆம் ஆண்டில் நோய் கண்டவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. அதே ஆண்டில் வங்காளதேசம் இந்நோயை ஒரு பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. உலகில் இந்தப் பெருமையைப் பெற்ற முதல் நாடு அதுவே. இதற்குப் பட்டையும் குமிழும் மட்டும் காரணமல்ல. வீடு வீடாகச் சென்று நோயாளிகளைத் தேடிய சுகாதாரப் பணியாளர்களும், சுவர்களில் பூச்சிமருந்து தெளித்தவர்களும் செய்த பணி சிறிதன்று.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1950-களில் மலேரியாவுக்காக டி.டி.டி. தெளித்தபோது மணல் ஈக்களும் மடிந்து, காலா அசார் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. தெளிப்பு நின்ற பின், 1970-களில் அது பீகாரில் பெருங்கொள்ளை நோயாகத் திரும்பி வந்தது. குணமானவர்கள் சிலரின் தோலில் பின்னாளில் தோன்றும் தடிப்புகளில் இந்த ஒட்டுண்ணி இன்றும் தங்கியிருக்கிறது. அங்கிருந்து மணல் ஈ அதை மீண்டும் எடுத்துச் செல்ல முடியும். நோயாளிகள் குறையக் குறைய, எஞ்சியிருப்பவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினமாகும். கடைசி நோயாளிக்கும் அந்தச் சிவப்புக் கோடு தெரியும் வரை பட்டைகளைச் சுமந்துகொண்டு யாராவது ஒருவர் கிராமம் கிராமமாக நடந்துகொண்டேதான் இருக்க வேண்டும்.